முதலில் சத்தம், அப்புறம்தான் முகம்: இணைய வகுப்புக்கு மேசை அமைத்த அனுபவம்

இணைய வகுப்புக்கான என் மேசை ஒருவழியாக ஒழுங்காக வேலை செய்கிறது. நான் பேசுவது கேட்கிறது, தாளில் போடும் கணக்கு ஆசிரியருக்குத் தெரிகிறது, அசைன்மென்ட் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருகிறது. படிக்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து நடக்க நிறைய நாள் பிடித்தது. புதிதாக இணையவழிப் படிப்பில் சேருகிறவர்களுக்கு, அதிலும் கணக்கு, இயற்பியல் மாதிரி கையால் எழுதியே தீர வேண்டிய பாடம் எடுத்தவர்களுக்கு உதவும் என்று, செய்ததைச் செய்த வரிசையில் எழுதுகிறேன்.

கையில் இருந்தவை: கேமராவும் மைக்கும் உள்ளேயே இருக்கும் ஒரு பழைய லேப்டாப், ஒரு ஆண்ட்ராய்டு போன், புளூடூத் ஹெட்செட், எப்போதோ ஒரு போனோடு வந்த வயர் இயர்போன். புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு.

சேர்ந்ததும் மின்னஞ்சலில் கருவிகளின் பட்டியல் வந்தது. நேரலை வகுப்புக்கு ஜூம், பாடக்குறிப்புக்கும் ஒப்படைப்புக்கும் மூடுல், ஒரு பாடத்துக்கு மட்டும் கூகுள் மீட்டும் கிளாஸ்ரூமும், குழு வேலைக்குப் பகிர்வு ஆவணம், அறிவிப்புக்கு வாட்ஸ்அப். எல்லாவற்றுக்கும் தனித்தனி லாகின். பார்த்ததும் மலைப்பாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் மாணவருக்கு வேண்டியவை நான்கைந்து பொத்தான்கள்தான். அவற்றைக் கற்க ஒரு மாலை போதும். சிக்கல் எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடத்தில் இருக்கிறது. வாயிலிருந்து மைக்குக்கு, தாளிலிருந்து கேமராவுக்கு, போனிலிருந்து ஒப்படைப்புப் பக்கத்துக்கு. பட்டியலோடு வந்த பயிற்சி விடியோக்கள் பொத்தான்களைத்தான் காட்டின. இந்தத் தாண்டல்களை யாரும் காட்டவில்லை.

லாகின் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிரவுசரில் படிப்புக்கென்று தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, கல்விக் கணக்கை அதில் மட்டும் திறந்து வைத்தேன். அதற்கு முன்பு மீட் இணைப்பை அழுத்தினால் என் சொந்தக் கணக்கில் திறந்துகொண்டு, உள்ளே விட அனுமதி கேட்டு வாசலில் நிறுத்திவிடும். தனி புரொஃபைல் வந்தபின் அந்தத் தொல்லை இல்லை. புக்மார்க் பட்டையில் நான்கு இணைப்புகள்: வகுப்பு, குறிப்புகள், ஒப்படைப்பு, நாள்காட்டி. அவ்வளவுதான்.

அடுத்து சத்தம். புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாகக் கேட்கும். அதனால் வகுப்புக்கும் அதுவே போதும் என்று நினைத்தேன். முதல் வகுப்பில் வாயைத் திறந்ததும் ஆசிரியர் சொன்னார்: "உங்க வாய்ஸ் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்குப்பா." எனக்கும் அவர் குரல் மங்கலாகத்தான் கேட்டது. பாட்டு கேட்கும்போது இல்லாத மங்கல் வகுப்பில் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. இணைய வேகத்தைச் சந்தேகப்பட்டு ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டதுதான் மிச்சம்.

காரணம் ஹெட்செட்டிலேயே இருந்தது. வழக்கமான புளூடூத் ஹெட்செட் பாட்டுக்கு ஒரு முறையிலும், மைக்கையும் சேர்த்து இயக்கும்போது வேறு முறையிலும் வேலை செய்கிறது. இந்த இரண்டாவது முறை தொலைபேசிப் பேச்சுக்காக வந்தது: ஒற்றைச் சானல், மாதிரி வீதம் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். குறுந்தகட்டுப் பாட்டுக்கு அது 44.1. ஆகவே மைக் இயங்கத் தொடங்கிய நொடியே, கேட்கும் ஒலியும் சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டை ஓடவிட்டு, கணினியின் ஒலிப்பதிவுச் செயலியில் ஹெட்செட் மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிவு பொத்தானை அழுத்துங்கள். பாட்டு சட்டென்று தட்டையாகும்.

தீர்வுக்குச் செலவில்லை. செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கும் என்று பிரித்துக் கொடுத்தேன். ஆசிரியரின் குரல் உடனே தெளிந்தது. என் குரலும் தேறியது. ஆனால் லேப்டாப் மைக் விசைப்பலகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தட்டும் ஓசையும், லேப்டாப் விசிறியின் இரைச்சலும் கூடவே போயின. ஜூமில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி பல படிகளில் இருக்கிறது. அதை உச்சத்தில் வைத்துப் பார்த்தேன். விசிறி போயிற்று, கூடவே மெதுவாகத் தொடங்கும் சொற்களின் முதல் எழுத்தும் போயிற்று. நடுவில் வைத்தால் பரவாயில்லை.

கடைசியில் ஜெயித்தது அந்தப் பழைய வயர் இயர்போன். அதன் பிளக்கைக் கவனியுங்கள். உலோகத் தண்டில் மூன்று வளையக் கோடுகள் இருந்தால் மைக் சேர்ந்தது. இரண்டு இருந்தால் கேட்பதற்கு மட்டும். லேப்டாப்பில் ஒரே துளை இருந்தால், பெரும்பாலும் மூன்று கோட்டு பிளக்கை அப்படியே சொருகலாம். கேட்பதற்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு துளைகள் இருந்தால் நடுவில் ஒரு பிரிப்பான் வேண்டும். என் லேப்டாப்பில் ஒரே துளை. சட்டைக் காலரில் உரசி மைக் கரகரவென்று சத்தம் போட்டதால், துணி கிளிப் ஒன்றால் வயரைப் பிடித்து, வாயிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டரில் நிறுத்தினேன். ஜூம் ஆடியோ செட்டிங்ஸில் 'டெஸ்ட் மைக்' என்று ஒன்று உண்டு. நீங்கள் பேசியதைப் பதிந்து உங்களுக்கே திருப்பிக் கேட்க வைக்கும். வகுப்புக்கு முன் அதை ஒரு தடவை அழுத்துவது இப்போது பழக்கமாகிவிட்டது. இன்னொரு வசதி: மியூட்டில் இருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் பேசலாம், விட்டால் திரும்ப மியூட். 'ஆமாம் மேடம்' சொல்வதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சத்தம் சரியானபின் டேட்டா கணக்குக்கு வந்தேன். ஜூம் தன் உதவிப் பக்கத்தில் தரும் அளவுப்படி உயர்தர விடியோவுக்கு ஒரு திசையில் நொடிக்கு 600 கிலோபிட், ஒலிக்கு 60 முதல் 80 கிலோபிட் வரை, முகம் இல்லாமல் ஸ்கிரீன் ஷேர் மட்டும் என்றால் 50 முதல் 75. இதை மணிக்கு மாற்றினால் விடியோ ஒரு திசைக்கு 270 எம்பி, ஒலி வெறும் 36 எம்பி. அதாவது யாரும் உற்றுப் பார்க்காத என் முகத்தை ஒரு மணி நேரம் அனுப்பும் டேட்டாவில் ஏழு மணி நேரத்துக்கும் மேல் பேசலாம். வருகைப் பதிவின்போது கேமராவைத் திறந்துவிட்டு, ஆசிரியர் கேட்டாலொழிய மூடி வைக்கத் தொடங்கினேன். மிச்சமான டேட்டாவைத் தாளுக்குக் கொடுத்தேன்.

தாள் கதைதான் நீளமானது. கணக்கு வகுப்பில் ஆசிரியர் திடீரென்று, "நீங்க போட்டதைக் காட்டுங்க" என்பார். முதலில் எல்லாரும் செய்வதுபோல நோட்டைத் தூக்கி லேப்டாப் கேமராவுக்கு முன் பிடித்தேன். திரையில் எழுத்து இடவலமாகத் திரும்பித் தெரிந்தது. அது நமக்கு மட்டும் காட்டப்படும் கண்ணாடிப் பிம்பம், மற்றவர்களுக்கு நேராகத்தான் தெரியும், பதற வேண்டாம். உண்மையான பிரச்சினை, ஆசிரியரால் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியவில்லை என்பது.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் லேப்டாப் கேமரா 1280க்கு 720 புள்ளிகள். ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். தாளை நெட்டுவாக்கில் பிடித்தால் 297 மில்லிமீட்டருக்கு 720 புள்ளிகள்தான் கிடைக்கின்றன. மில்லிமீட்டருக்கு இரண்டரைகூட இல்லை. என் கையெழுத்தில் ஒரு எண் 3 மில்லிமீட்டர் உயரம். ஏழு புள்ளியில் 6 எது, 8 எது என்று யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு, லேப்டாப் கேமராக்கள் பெரும்பாலும் குவியம் மாறாதவை. முகம் இருக்கும் தூரத்துக்கு அமைத்தது. பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் மங்கும். வகுப்பில் ஆள் கூடினால் விடியோ 720க்கும் கீழான அளவில்தான் போகும் என்பது தனி.

ஆகவே போனின் பின்கேமரா. திரை மேலே பார்க்க, கேமரா தாளைப் பார்க்க, போனைப் படுக்கையாக நிறுத்த வேண்டும். அகராதி கனத்தில் புத்தகங்களை அடுக்கி, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வெளியே நீட்டி, அதன் முனையில் போனை வைத்து ரப்பர் பேண்ட் போட்டேன். இருநூறு கிராம் அளவுள்ள போனுக்கு ஸ்கேல் வளைந்தது. மரஸ்கேலுக்கு மாறி, உள்பக்க முனையில் இன்னொரு புத்தகத்தைப் பாரம் வைத்ததும் வளைவு நின்றது. எழுதும்போது மேசை ஆடினால் படமும் ஆடியது மட்டும் நிற்கவில்லை. உயரம்: 20 சென்டிமீட்டரில் தாளின் ஒரு பகுதிதான் தெரிந்தது. 30 சென்டிமீட்டரில் முழு ஏ4 தாளும் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுத் தெரிந்தது. தாளின் நீண்ட பக்கமும் படத்தின் நீண்ட பக்கமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் அதே 720 தரத்திலும் மில்லிமீட்டருக்கு மூன்று புள்ளிக்குமேல் கிடைக்கும். தாளைப் பாதியாக மடித்துப் பாதியை மட்டும் காட்டினால் ஏறக்குறைய ஐந்து. இப்போது பாதித் தாளில்தான் எழுதுகிறேன், எண்களை 6 மில்லிமீட்டர் உயரத்தில். 0.7 கறுப்பு ஜெல் பேனா, கோடு போடாத தாள். பென்சில் தெரியவே தெரியாது.

இந்தக் கட்டத்தில் வந்த தொல்லைகளைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். போனை இரண்டாவது ஆளாக வகுப்பில் சேர்த்ததும் ஒரு ஊளை கிளம்பி வகுப்பே காதைப் பொத்தியது. ஒரே அறையில் இரண்டு கருவிகளில் ஒலி திறந்திருந்தால் இதுதான் நடக்கும். போனை மியூட் செய்தால் மட்டும் போதாது; ஆடியோவிலேயே சேராமல் நுழைய வேண்டும், அல்லது 'டிஸ்கனெக்ட் ஆடியோ' கொடுக்க வேண்டும். மீட்டில் இதற்கென்றே 'கம்பேனியன் மோட்' இருக்கிறது. ஜூமில் ஒரே கணக்கோடு ஒரு கணினியும் ஒரு போனும் ஒரே சந்திப்பில் இருக்கலாம். போனுக்கு மட்டும் என் பெயரோடு 'தாள்' என்று சேர்த்துப் பெயர் மாற்றினேன். ஆசிரியர் அந்தக் கட்டத்தை 'பின்' செய்து தன் திரையில் பெரிதாக நிறுத்திக்கொள்ள அது வசதி.

போனைப் படுக்க வைத்தால் எது மேல் பக்கம் என்று அதற்குக் குழம்பிவிடும். படம் தலைகீழாகத் திரும்பும். முதலில் போனை அகலவாக்கில் செங்குத்தாகப் பிடித்துச் சந்திப்பில் சேர்ந்து, படம் நேராக நின்றபின் மெதுவாகப் படுக்க வைத்தால் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

நிழல் இன்னொரு பிரச்சினை. மேலிருந்து விளக்கு அடித்தால் போனின் நிழலும் கையின் நிழலும் எழுதும் இடத்திலேயே விழும். வலக்கையால் எழுதுகிறவருக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். ஒரு விளக்கின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்ந்தன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், 60 என்றால் 120. கேமராவின் வேகமும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் பட்டை. விளக்கை மாற்றினேன், போயிற்று. சில கேமரா செட்டிங்ஸில் 50, 60 என்று தேர்ந்தெடுக்கவும் முடியும்.

இந்தப் புத்தகக் கோபுரத்துக்கு முடிவு கட்டியது மேசை விளக்கு. மடக்குக் கைகள் கொண்ட விளக்கு ஒன்று சும்மா கிடந்தது. அதன் கையில் போனை ரப்பர் பேண்டால் கட்டி, விளக்குத் தலையைச் சுவரின் பக்கம் திருப்பினேன். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மென்மையாகத் தாள் முழுக்கப் பரவியது, நிழல் ஏறக்குறைய காணோம். உயரத்தையும் விரலால் தள்ளியே மாற்றிக்கொள்ளலாம். ஒரு மணி நேர விடியோவில் போன் நன்றாகச் சூடாகிறது. உறையைக் கழற்றிவிடுகிறேன், சார்ஜரை முதலிலேயே செருகிவிடுகிறேன். கை குறுக்கே போகும்போது குவியம் கைக்குத் தாவி ஒரு கணம் தாள் மங்குவது மட்டும் இன்னும் தீரவில்லை. எழுதி முடித்ததும் கையை முழுசாக வெளியே எடுத்தால் தெளிந்துவிடுகிறது.

ஒப்படைப்புக்கு வருகிறேன். எட்டுப் பக்க அசைன்மென்ட்டை எட்டுப் புகைப்படமாக எடுத்தேன். ஒவ்வொன்றும் 12 மெகாபிக்சல், மூன்று நான்கு எம்பி. மொத்தம் 30 எம்பி பக்கம். எங்கள் தளம் ஒரு கோப்புக்கு அனுமதிப்பது 10. ஏதோ ஒரு இலவசச் சுருக்கும் இணையதளத்தில் கொடுத்ததில், கோப்பு சிறுத்தது, வகுக்கல் கோடும் கழித்தல் குறியும் சேர்ந்தே காணாமல் போயின. சரியான வழி ஸ்கேன்தான். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் உண்டு, ஐபோனில் நோட்ஸ் செயலியில் உண்டு. பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கலாம். ஏ4 தாளை 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 புள்ளிகள்) எடுத்தால் 1654க்கு 2339 புள்ளிகள். கையெழுத்துக்கு இது தாராளம். எழுத்துப் பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளை, வரைபடத் தாளுக்குச் சாம்பல். கறுப்பு வெள்ளையில் வரைபடத் தாளின் கட்டங்கள் நாம் வரைந்த வளைகோட்டையே விழுங்கிவிடும். என் எட்டுப் பக்கம் 2 எம்பிக்குள் அடங்கியது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புகைப்படங்கள் ஹெச்இஐசி வடிவில் சேமிக்கப்படுகின்றன. பல தளங்கள் அதை ஏற்பதில்லை. ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் அந்தக் கவலை இல்லை.

கோப்பை இணைப்பது வேறு, ஒப்படைப்பது வேறு. மூடுலில் சில பாடங்களுக்கு இணைத்துச் சேமித்தபின்னும் நிலை 'வரைவு' என்றே இருக்கும். அதன்பின் ஒப்படைக்கும் பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும். கிளாஸ்ரூமிலும் 'டர்ன் இன்' அழுத்தினால்தான் கணக்கு. அங்கே இன்னொரு கண்ணியும் இருக்கிறது: ஒப்படைத்ததைத் திரும்ப எடுத்து, கெடு முடிந்தபின் மறுபடி ஒப்படைத்தால், முதலில் நேரத்துக்குக் கொடுத்திருந்தாலும் தாமதம் என்றே பதிவாகும். சின்னத் திருத்தத்துக்காகக் கடைசி நிமிடத்தில் கைவைக்க வேண்டாம். மூடுல் காட்டும் கெடு நேரம் உங்கள் சுயவிவரத்தில் உள்ள நேர மண்டலத்தைப் பொறுத்தது. அது வேறு நாட்டுக்கு அமைந்திருந்தால் கெடுவும் மாறித் தெரியும். முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒப்படைத்தபின் அதே கோப்பைத் தளத்திலிருந்து இறக்கித் திறந்து, பக்க வரிசையும் நேர் தலைகீழும் பார்ப்பது என் கடைசி வேலை. இரண்டு நிமிடம் ஆகும்.

சாட் பெட்டியில் தமிழில் கேள்வி கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கில ஒலியில் தட்டித் தமிழாக்கும் முறையில் நான் ஒரு வரி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். க, ச மாதிரி அகரமேறிய மெய் ஒரே தட்டு, 'க்க' வேண்டுமென்றால் க விசையை இருமுறை தட்டினால் புள்ளி தானே வந்துவிடும். ஆரம்பத்தில் கை தடவித் தடவிப் போனது. ஒரு கட்டத்தில் பழைய வேகத்தைத் தாண்டியது. வகுப்பில் இணைப்பு அறுந்து திரும்ப நுழைந்தால் முந்தைய சாட் பெரும்பாலும் தெரியாது. ஆசிரியர் அதில் இணைப்புகள் போட்டால் உடனே பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

நண்பர்களோடு சேர்ந்து படிக்க நாங்களே சந்திப்பு வைத்ததில் தெரிந்தது: ஜூமின் இலவசக் கணக்கில் குழுச் சந்திப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவச மீட்டில் 60 நிமிடம். ஒரு பாடத்தை 40 நிமிடத்துக்குள் முடிக்கும் பழக்கம் இதனால் வந்தது. அது நல்லதாகத்தான் போயிற்று.

அடுத்த பருவத்தில் சேருவதாக இருந்தால், வரிசையை மாற்றுவேன். முதலில் வயர் இயர்போனும் மைக் சோதனையும், இரண்டாவது ஸ்கேன் செய்து ஒரு சோதனைக் கோப்பை ஒப்படைத்துப் பார்ப்பது, மூன்றாவது தாள் கேமரா. பின்னணிப் படம், முக வெளிச்சம் எல்லாம் பட்டியலிலேயே வராது. அவற்றில் கழித்த மாலைகளை மற்றதற்குக் கொடுத்திருக்கலாம். லேப்டாப்பை வைஃபையிலிருந்து எடுத்து ரவுட்டரோடு ஈத்தர்நெட் கேபிளால் இணைக்கவும் எண்ணம். என் லேப்டாப்பில் அந்தத் துளை இல்லை, யுஎஸ்பி அடாப்டர் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். ரப்பர் பேண்டுக்குப் பதிலாகக் கவ்வும் பிடிப்பான் ஒன்று வேண்டும். இந்த ரப்பர் பேண்ட் விளக்கின் சூட்டில் காய்ந்து, வகுப்பு நடுவில் ஒருமுறை அறுந்து, போன் நேராக வகைநுண்கணிதத்தின் மேலேயே விழுந்தது.